திசைகாட்டி முள் தெற்கே திரும்பிவிட்டால்

கேள்வி: மலையேற்றத்துக்கு வைத்திருக்கும், திரவம் நிரப்பிய திசைகாட்டியில் சிவப்பு முனை இப்போது தெற்கே நிற்கிறது. பையில் கைப்பேசியோடு கிடந்தது. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, கூட்டைத் திறக்கவே வேண்டாம். கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் சில உறைகளின் மூடியிலும் உள்ள காந்தம் முள்ளின் துருவங்களைப் புரட்டிவிடும். திரும்பப் புரட்ட வலுவான நியோடிமியம் காந்தம் தேவை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் ரப்பர் காந்தத்தை நம்பாதீர்கள். முள்ளின் உலோகம் லேசில் மசியாது.

முதலில் காந்தத்தின் தென்துருவத்தைக் கண்டறியுங்கள். சட்டக் காந்தத்தை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், அசைவு நின்றதும் தெற்கே பார்க்கும் முனைதான் அது. வட்டுக் காந்தம் என்றால் நாலைந்தை அடுக்கித் தொங்கவிடலாம். திசை தெரிய காலைச் சூரியன் போதும்.

இனி தென்துருவத்தைக் கண்ணாடிமேல், முள்ளின் வெள்ளை முனையில் வைத்து, சிவப்பு முனை வழியாக விளிம்பைத் தாண்டும்வரை ஒரே இழுப்பாக இழுங்கள். காந்தத்தின் எந்தத் துருவம் கடைசியாக விலகுகிறதோ, அதற்கு எதிர்த்துருவம் அந்த முனையில் பதியும். விலகியதும் 30 செ.மீ. உயரே தூக்கி, சுற்றிக் கொண்டுவந்து மறுபடி வெள்ளை முனையில் வையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் செய்த வேலை அழியும். 10 இழுப்பு போதும்.

சிக்கல் முதல் இழுப்பில்தான். துருவம் மாறிய நிலையில் வெள்ளை முனை காந்தத்தை விடாமல் பின்தொடரும். திசைகாட்டியைச் சாய்த்துப் பிடித்து, முள் கூட்டில் இடித்து நிற்கும்போது விரைவாக இழுங்கள். திரவம் முள்ளைத் தாமதப்படுத்துவது உங்களுக்குச் சாதகம். ஒருமுறை புரண்டுவிட்டால் சிவப்பு முனை தானே காந்தத்தைத் தேடி வரும்.

கேள்வி: வெள்ளை முனையையே வடக்கு என்று வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வரைபடத்தைப் பார்த்து வழி பிடிக்கும் அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாகக் கூடாது. புவிக்காந்தப்புலம் முள்ளின் ஒரு முனையைக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்ட மறுமுனையில் எடை சேர்த்திருப்பார்கள். துருவம் புரண்டால் எடையும் இழுப்பும் ஒரே முனையில் சேர்ந்து, முள் சாய்ந்து உராயும்.

கேள்வி: என் முள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. காந்தம் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காந்தம் மட்டும் குறைந்த முள் மந்தமாக ஆடினாலும் கடைசியில் சரியான இடத்துக்கே வரும். இடம் மாறி மாறி நின்றால் உராய்வையோ நிலைமின்னையோ சந்தேகியுங்கள். உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்திருந்தால் நிலைமின்தான். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடும். அப்படியும் தீராவிட்டால் கம்பி, வாகனம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் சமமாக வைத்து, ஓர் இரும்புத் துண்டால் முள்ளை இருபக்கமும் மாறி மாறித் திருப்பி, துண்டைத் தூர விலக்குங்கள். இரண்டு முறையும் நிற்கும் இடத்தில் பல டிகிரி வித்தியாசம் இருந்தால் முள் அமரும் கூர்முனை மழுங்கியிருக்கிறது. அதற்குக் காந்தம் ஏற்றிப் பயனில்லை. வேறு திசைகாட்டி வாங்குங்கள்.