ஒற்றைக் கை அவுட்ஃபீல்டர் பீட் கிரே: கேள்வி பதில்

கேள்வி: ஒரு கை மட்டுமே உள்ளவர் அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பால் ஆடினாராமே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தான். பீட் கிரே. மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்தைப் பிடிக்கும் அவுட்ஃபீல்டர். 1915இல் பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சிறுவயதில் வண்டிச் சக்கரத்தில் சிக்கி வலது கையை இழந்தார். 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக 77 ஆட்டங்கள் ஆடினார்.

கேள்வி: கிளவுஸ் போட்ட கையாலேயே எப்படி எறிவார்?

பதில்: அதுதான் பார்க்க வேண்டிய வித்தை! உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்ட கிளவுஸ். விரல்களைப் பட்டும் படாமலும் நுழைத்திருப்பார். பந்தைப் பிடித்ததும் கிளவுஸை வலது தோளடியில் மிஞ்சியிருந்த கைத்துண்டில் இடுக்குவார், பந்து மார்பின் மேல் உருண்டு இடது கைக்கு வரும், உடனே எறிவார். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அந்த நேரத்திலேயே எதிரணி ஓட்டக்காரர்கள் இன்னொரு பேஸுக்கு (ஓட்டக்காரர் தொட வேண்டிய இடம்) ஓடிவிடுவார்கள். 1944இல் லீக் பட்டம் வென்ற பிரவுன்ஸ் அணி, மறு வருடம் மூன்றாம் இடம். அதற்கு இவர்தான் காரணம் என்று சக வீரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். பாவம், எல்லாப் பழியும் அவர் தலையில்.

கேள்வி: போர்க்காலத்தில் ஆள் கிடைக்காமல்தானே எடுத்தார்கள்?

பதில்: பாதி உண்மை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் 1944இல் மெம்ஃபிஸ் அணிக்காக அவருடைய மட்டைச் சராசரி .333, அதாவது மூன்று வாய்ப்பில் ஒன்றில் அடித்து பேஸைச் சேர்ந்தார். பந்து அடிக்கப்படாமலே ஓடிப்போய்த் திருடிய பேஸ்கள் 60க்கு மேல். மெம்ஃபிஸ் ஆடிய கீழ்நிலை லீக்கான சதர்ன் அசோசியேஷனின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான். இதெல்லாம் இரக்கப்பட்டுக் கொடுப்பதா?

கேள்வி: அப்புறம் ஏன் ஒரே சீசன்?

பதில்: வேகப்பந்தைச் சமாளித்தார். அந்த சீசன் முழுக்க 11 முறைதான் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறியது. சிக்கல் மெதுவான பந்தில், வளைந்து வரும் பந்தில். மட்டையை வீசத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த இன்னொரு கை வேண்டுமே. பந்து வீசும் பிட்ச்சர்கள் அதைக் கண்டுபிடித்ததும் சராசரி .218இல் நின்றது. போர் முடிந்து பழைய வீரர்கள் திரும்பினார்கள். 1946இல் அவரைக் கீழ்நிலை லீக்கின் டொலிடோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: ஜிம் அபாட்டும் இப்படித்தானே? யார் பெரியவர்?

பதில்: அபாட் வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லாமல் பிறந்த பிட்ச்சர். 1993இல் யாங்கீஸ் அணிக்காக, எதிரணி அடித்து பேஸைச் சேர ஒரு ஹிட்கூட விடாமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடித்தார். சாதனையில் அவர்தான் மேலே, சந்தேகமில்லை. ஆனால் அவர் பெரும்பாலும் ஆடிய, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் பிட்ச்சருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிப்பார். கிரேக்கு அந்த வசதி கிடையாது.