பொம்மை வீட்டுக்கு பீடிங் (ஓரங்களில் ஒட்டும் மெல்லிய மரப்பட்டை): சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: கூரை முகப்பில் சாய்வாக வரும் இரண்டு பட்டைகளையும் மைட்டர் பாக்ஸில் (ரம்பத்தைக் குறித்த கோணத்தில் பிடித்துக்கொள்ளும் பள்ளம் வெட்டிய பெட்டி) 45 டிகிரி வைத்துத்தான் அறுத்தேன். உச்சியில் சேரவே மாட்டேன் என்கிறது. ரம்பம் சரியில்லையா?

பதில்: ரம்பத்தைத் திட்டாதீர்கள். கூரைச் சாய்வு 45 டிகிரியாக இருந்தால்தான் அந்த வெட்டு பொருந்தும். சாய்வு 30 என்றால், நேர் வெட்டிலிருந்து 30 டிகிரிதான் சாய்க்க வேண்டும். இடைவெளியே குறையைச் சொல்லிவிடும்: மேலே வாய் பிளந்தால் கோணம் போதவில்லை, கீழே பிளந்தால் கூடிவிட்டது.

நான் கோணமானியைத் தொடுவதே இல்லை. ஓர் அட்டையை உச்சியில் வைத்து, இரு பக்கச் சாய்வையும் பென்சிலால் கோடு போட்டு எடுங்கள். ஒரு கோடு மற்றதன் மேல் விழும்படி அட்டையை மடியுங்கள். அந்த மடிப்புதான் வெட்டு. மைட்டர் பாக்ஸில் அந்தக் கோணம் இல்லாவிட்டால், கோட்டுக்கு அரை மில்லி வெளியே அறுத்துவிட்டு, கட்டையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்கு வாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு நான் குப்பையில் போட்ட பட்டைகளை வைத்து இன்னொரு வீடே கட்டியிருக்கலாம்.

கேள்வி: சுவர் மூலையில் ஒரே அகலப் பட்டை இரண்டு ஒட்டினேன். ஒரு பக்கம் தடிமனாகத் தெரிகிறது, ஏன்?

பதில்: ஒரு பட்டையின் கனம் அடுத்த பக்கத்து அகலத்தோடு சேர்ந்துகொள்கிறது. 3 மில்லி கனப் பட்டையில் இரு பக்கமும் 10 மில்லி தெரிய வேண்டுமானால், ஒன்று 10, மற்றது 7. முதலில் 7 மில்லி பட்டையை மூலை விளிம்போடு சமமாக ஒட்டி, அதன் ஓரத்தை மூடும்படி 10 மில்லியை வையுங்கள். முன்பக்கத்தில் இணைப்புக்கோடு தெரியாதிருக்க, அகலமானது முன்னால் வரட்டும்.

கேள்வி: பெயின்ட் அடித்து ஒட்டுவதா, ஒட்டிவிட்டு அடிப்பதா?

பதில்: அடித்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும் முகத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம், பசை மரத்தைப் பிடிக்காது. வார்னிஷுக்கு முன் மரச்சாயம் பூசுபவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் பசை கசிந்து காய்ந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டு நிற்கும். மெல்லிய பட்டையில் தண்ணீர் பெயின்ட்டை ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். பின்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு தடவு தடவி, மேலே கனம் வைத்துக் காயவிடுங்கள்.

கேள்வி: பால்சா (மிக மென்மையான, லேசான மரம்) பட்டையை வெட்டினால் நுனி நசுங்குகிறது.

பதில்: கத்தி மழுங்கிவிட்டது. புது பிளேடு போட்டு, அழுத்தாமல் நாலைந்து முறை இழுங்கள்.

கேள்வி: பொம்மை வீட்டு கிட்டின் (பாகங்களாக வரும் தொகுப்பு) விளக்கத்தாளில் உள்ள அளவுக்கே வெட்டினாலும் ஜன்னலைச் சுற்றி ஒரு பக்கம் குறைகிறது. தாளில் தப்பா?

பதில்: தாள் சரியாகவே இருக்கலாம், உங்கள் சுவர் அப்படி இல்லை. பிளைவுட் இணைப்பில் ஒரு மில்லி நகர்ந்திருக்கும், பெயின்ட்டும் கொஞ்சம் கனம் ஏற்றியிருக்கும். 12-இல் ஒரு பங்கு அளவு வீட்டில் அந்த ஒரு மில்லி, நிஜ வீட்டில் 12 மில்லி பிசகுக்குச் சமம், கண்ணில் உறுத்தத்தான் செய்யும். ஸ்கேலை ஓரம் வைத்துவிட்டு, பட்டையை அந்தந்த இடத்திலேயே பிடித்துக் குறியுங்கள். கீழ்ப்பட்டை, பக்கங்கள், கடைசியாக மேல்பட்டை என்ற வரிசையில் போனால் மிச்சப் பிசகை மேல்பட்டை விழுங்கிக்கொள்ளும். வெட்டிய ஒவ்வொன்றின் பின்னாலும் ‘இடது ஜன்னல், மேல்’ என்று எழுதிவைக்க மறக்காதீர்கள். பெயின்ட் காய்ந்தபின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.