ஜெர்மனியில் எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஒரு செமஸ்டர்: பாடத்துக்குப் பதிந்தால் தேர்வுக்கும் பதிந்ததாகிவிடுமா?

ஆகாது. பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இவை தனித்தனிப் பதிவுகள். வகுப்பில் இடம் பிடிப்பது ஒன்று. செமஸ்டரின் நடுவே குறிப்பிட்ட நாட்கள் மட்டும் திறந்திருக்கும் தேர்வுப் பதிவு இன்னொன்று. இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரு வகுப்பு விடாமல் போயிருந்தாலும் கிரெடிட் வராது. வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். சில துறைகளில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் போர்ட்டலில் பதிய முடியாது. படிவத்தை நிரப்பிப் பேராசிரியரிடமோ தேர்வு அலுவலகத்திலோ கொடுக்க வேண்டும். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்டுவிடுங்கள்.

முழு செமஸ்டர் சுமை 30 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட் முறை) புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. புறப்படும் முன்பே இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களுக்கும் உங்கள் கல்லூரியில் ஒப்புதல் வாங்கி வையுங்கள். செமினார்களில் இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பும். பெரிய விரிவுரைகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போனவர் பாடத்தை மாற்றினால், எந்தப் பாடங்களைப் படிப்பார் என்று எழுதிய லேர்னிங் அக்ரிமென்ட்டையும் திருத்தி இரு பல்கலைக்கழகங்களின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

அட்டவணையில் நேரத்தை ஒட்டி 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 15 நிமிடம் தள்ளித் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சரியாக அதே நேரம்.