சார்ஜர் பின்னை மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய ஷேவர், டார்ச், எமர்ஜென்சி லைட் இவற்றை யுஎஸ்பி கேபிளில் சார்ஜ் ஆகும்படி மாற்றுவது பற்றி நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: பத்து வருடத்துக்கு மேல் உழைத்த ஷேவர். மோட்டாரும் பிளேடும் நன்றாக இருக்கின்றன, சார்ஜர் தொலைந்துவிட்டது. உள்ளே இரண்டு நிக்கல் செல்கள். யுஎஸ்பி ஒயரை நேராக அவற்றில் இணைக்கலாமா?

பதில்: கூடாது. நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட். இரண்டும் சேர்ந்து 2.4, சார்ஜ் ஏறும்போது 2.8 அல்லது 2.9 வரை போகும். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட். நடுவே கரண்ட்டைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லையென்றால் செல் சூடாகி ஒழுகிவிடும்.

முதலில் ஷேவரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 5 வோல்ட் டிசி என்று இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை, ஷேவரின் துளையில் பொருந்தும் பின் உள்ள யுஎஸ்பி கேபிள் ஒன்று போதும். அப்படி இல்லாமல் நேராக செல்லுக்குத்தான் போகவேண்டும் என்றால், நடுவில் ஒரு ரெசிஸ்டர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) போட்டு மெதுவாக ஏற்றலாம். செல்லின் கொள்ளளவு 600 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லி ஆம்பியர் போதும். 39 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் கிட்டத்தட்ட அந்த அளவைத் தரும். 14 முதல் 16 மணி நேரம் ஆகும். தானாக நிற்காது, நீங்கள்தான் நேரம் பார்த்துக் கழற்ற வேண்டும்.

லித்தியம் செல்லுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். உங்கள் ஷேவரில் வேண்டாம். 2.4 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாரில், நிரம்பிய லித்தியம் செல்லின் 4.2 வோல்ட் போனால் வேகம் ஏறும், சூடாகும், சீக்கிரம் போய்விடும். மூன்று நிக்கல் செல் உள்ள சாதனத்தில் அந்த மாற்றம் சரியாக வரும்.

கேள்வி: டிபி 4056 சார்ஜர் போர்டு ஒன்று வாங்கி எமர்ஜென்சி லைட்டின் பேட்டரியில் இணைத்தேன். பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் லைட் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. போர்டு மட்டமானதா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் படத்திலேயே தெரிகிறது, அது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. முழுதாக நிரம்ப அதற்கு 4.8, 4.9 வோல்ட் வேண்டும். அந்தப் போர்டு லித்தியத்துக்கானது, 4.2-ல் நின்றுவிடும். பேட்டரி ஒருநாளும் நிறையாது, பாதிப் பட்டினியில் கிடந்து கெட்டும் போகும்.

எல்இடி லைட் என்பதால் ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு லித்தியம் செல் வையுங்கள், இதே போர்டு பயன்படும். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். லைட்டுக்குப் போகும் ஒயருக்கென்று தனி முனைகள் உள்ள, பாதுகாப்புச் சுற்று சேர்ந்த வகைப் போர்டுதானா என்பது ஒன்று. இன்னொன்று, இந்தப் போர்டு வரும்போதே 1 ஆம்பியர் தரும்படி இருக்கும். 300, 400 மில்லி ஆம்பியர்-அவர் உள்ள சின்ன செல்லுக்கு அது மிக அதிகம். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்பியராகக் குறையும்.

கேள்வி: பழைய ரீசார்ஜ் டார்ச்சில் யுஎஸ்பி போர்ட் வைத்துத் தந்தார் பழுது பார்ப்பவர். "பழைய பிளக்கும் இருக்கட்டும், எதில் வேண்டுமானாலும் போடலாம்" என்றார். பிளக்கில் போட்டுவிட்டு யுஎஸ்பி போர்ட்டைத் தொட்டேன். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது.

பதில்: நீங்கள் பிழைத்ததே பெரிது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நம்பிக் கொடுத்தீர்கள், அவர் தெரியாத வேலையில் கை வைத்திருக்கிறார்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பல வருடமாக என் மனதில் உறுத்துகிற விஷயம். சுவரில் நேராகச் சொருகும் விலை குறைந்த டார்ச், லைட் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மின்சாரம் ஒரு கெப்பாசிட்டர் வழியாக வந்து, நாலு டயோடைத் தாண்டி, பேட்டரிக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் வீட்டு மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் இடையே ஒயர் தொடர்பு இருக்காது. இந்த வகையில் தொடர்பு இருக்கிறது. சொருகியிருக்கும் வரை உள்ளே உள்ள ஒவ்வொரு உலோகத் துண்டும் மெயின் லைனோடு சேர்ந்ததுதான். பேட்டரி 4 வோல்ட்தானே என்று மீட்டர் காட்டும், ஆனால் தரையில் நின்று அதைத் தொடுகிறவருக்கு வருவது 4 வோல்ட் இல்லை. பிளாஸ்டிக் உடம்பு மூடியிருப்பதால்தான் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறது. யுஎஸ்பி போர்ட் வைத்தவுடன் அந்த உலோகம் வெளியே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கேபிளின் மறுமுனை கம்ப்யூட்டரில் இருந்தால் அதுவும் கெட்டுப்போகும், அதைத் தொடுகிறவருக்கும் ஆபத்து.

இந்த டார்ச்சுகளைத் தயாரிப்பவர்கள் மிச்சம் பிடிப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் செலவு. அதைப் பற்றிப் பெட்டியின் மேல் ஒரு வார்த்தை போடுவதில்லை. திறக்காதே என்று எழுதுகிறார்கள், ஏன் என்று எழுதுவதில்லை. குழந்தைகள் கையில் எடுக்கும் பொருளில் இப்படிச் செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

யுஎஸ்பி வேண்டுமென்றால் பிளக், கெப்பாசிட்டர், டயோடு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, பிளக்கின் பின்கள் இருந்த துளையையும் அடைத்துவிட வேண்டும். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம், அதையும் மறக்கக் கூடாது. பழைய பிளக் வேண்டுமென்றால் யுஎஸ்பியை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

கேள்வி: செல் லேசாக உப்பியிருக்கிறது. போர்ட்டை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், இன்றே சார்ஜ் செய்வதை நிறுத்தி, குத்தாமல் அழுத்தாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: டிரிம்மரில் யுஎஸ்பி சி-போர்ட் வைத்தேன். பழைய சார்ஜரோடு வந்த, ஒரு முனை மட்டும் சி ஆக உள்ள கேபிளில் ஏறுகிறது. இரண்டு முனையும் சி ஆக உள்ள கேபிளில் ஏறுவதே இல்லை.

பதில்: போர்ட்டில் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இல்லை. அவை இருந்தால்தான் எதிர்ப்புறம் சி-போர்ட் உள்ள சார்ஜர் "ஒரு சாதனம் இணைந்திருக்கிறது" என்று அறிந்து மின்சாரத்தைத் திறக்கும். ரெசிஸ்டரோடு வரும் சின்ன போர்டாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கும் புதுப் பொருளிலேயே இந்தக் குறை இருக்கிறது. நானும் அப்படி ஒரு டார்ச் வாங்கினேன். பழுது என்று நினைத்து மூன்று மாதம் அலமாரியில் போட்டு வைத்தேன், திருப்பித் தரும் கெடுவும் முடிந்துவிட்டது. இப்போது எதை வாங்கினாலும் முதல் நாளே இரண்டு வகைக் கேபிளிலும் போட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி: 9900 மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்ட 18650 செல் இரண்டு வாங்கினேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 18650 என்பது செல்லின் உருவ அளவு. அந்த உருவத்தில் நல்ல தயாரிப்பாளர்களே 3500-ஐ ஒட்டித்தான் தருகிறார்கள். என்னிடமும் இப்படி நாலு செல் வந்தன. அளந்தபோது ஒன்றுகூட 1000-ஐத் தொடவில்லை. எடை போட்டுப் பாருங்கள், நல்ல செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும். தராசில் வைத்துப் படம் எடுத்து, செல்லின் மேல் உள்ள எழுத்தும் தெரியும்படி விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: யுஎஸ்பியிலிருந்து 12 வோல்ட் தரும் கேபிள் வாங்கியிருந்தேன். பின் பொருந்தியதே என்று டேபிள் விளக்கில் போட்டேன், புகை வந்துவிட்டது. கேபிளின் குறைதானே?

பதில்: இல்லை. விளக்கில் 5 வோல்ட் என்று இருந்திருக்கும், நீங்கள் பார்க்கவில்லை. பின் பொருந்துவதற்கும் வோல்ட்டேஜுக்கும் சம்பந்தம் கிடையாது. கேபிளில் ஒரு காகிதம் ஒட்டி 12 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டில் வைத்தால் சார்ஜ் ஆகும் எலெக்ட்ரிக் பல் துலக்கி. உள்ளே போர்ட் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் புகாமல் ஒட்டியிருப்பதைத் திறந்தால் மறுபடி அப்படி மூட முடியாது. அதே மாடலுக்கு யுஎஸ்பியில் சொருகும் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.