சும்மா கிடக்கும் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவனுடைய கணினி சும்மாவே கிடக்கிறது. அறிவியல் ஆராய்ச்சிக்கு ஓட விடலாம் என்கிறான். கரன்ட் பில் எகிறுமா? கணினி கெட்டுவிடாதா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: தாராளமாக ஓட விடலாம் சார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'பாயிங்க்' (BOINC) என்ற இலவச மென்பொருளை அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள். பெரிய கணக்கின் ஒரு துண்டு இணையம் வழியாக வரும், கணினி அதைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தில் இப்படித்தான் 2010-ல் தன்னார்வலர்களின் கணினிகள் ஒரு புதிய பல்சரைப் (வேகமாகச் சுழன்று ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) பிடித்தன. மகன் வேற்றுக்கிரகவாசிகளைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' என்று சொல்லியிருந்தால், அது 2020-லேயே வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

பில்லைத்தான் கவனிக்க வேண்டும். கணினி 100 வாட் இழுப்பதாக வையுங்கள். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஆகிற வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். ராத்திரி ஆறு மணி நேரம் மட்டும் என்றால் 36 யூனிட்தான். மென்பொருளிலேயே நேரத்தைக் குறித்துவிடலாம். 'எத்தனை சதவீத கோர்' (கோர் என்பது கணக்குப் போடும் சிப்பின் ஒரு பகுதி) என்ற இடத்தில் 50 போடுங்கள், சூடும் குறையும்.

கெடுவது பெரும்பாலும் சூட்டினால்தான், அதற்கு நம் ஊரில் தூசி துணைபோகும். சம்பா அறுவடை முடிந்த மாசியில் தெரிந்தவர் ஒருவரின் கணினிப் பெட்டியைத் திறந்தேன். களத்துத் தூசும் பதரும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருந்தன, ஃபேன் சுற்றியும் காற்று போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தட்டினாலே போதும். அக்னி நட்சத்திரத்தில் நிறுத்திவிடுங்கள். ஆராய்ச்சி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அப்புறம், இன்வெர்ட்டர். லேப்டாப் என்றால் பேட்டரிக்கு மாறியதும் பாயிங்க் தானே நின்றுவிடும்படி வைக்கலாம். மேசைக் கணினிக்கு இன்வெர்ட்டரில் ஓடுவதே தெரியாது. கரன்ட் போன ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டே பேட்டரியைக் காலி செய்துவிடும், உங்களுக்கு ஃபேன் ஓடாது. அதனால் இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் செருகுங்கள். திடீரென்று அணைந்தாலும் பெரும்பாலான கணக்குகள் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்தே தொடரும்.