ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை எதற்கு?

கேள்வி: என் மூன்று வயது மகளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மருத்துவர் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார். போவது தண்ணீரும் உப்பும்தானே, அதில் சர்க்கரை எதற்கு? உப்புப் போட்ட தண்ணீர் மட்டும் போதாதா? அவள் குடிக்க மறுக்கிறாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாமா?

பதில்: உப்புத் தண்ணீர் மட்டும் போதாது. கூடுதல் சர்க்கரையும் வேண்டாம். அந்தச் சர்க்கரை ருசிக்காகவோ தெம்புக்காகவோ சேர்க்கப்பட்டதல்ல. அது இல்லாவிட்டால் உப்பைக் குடல் போதிய அளவு உள்ளே விடாது. காரணம், குடல் செல்களின் சவ்வு.

செல் சவ்வின் தடிமன் சுமார் 7 முதல் 8 நானோமீட்டர்தான். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. நீரை விரும்பும் தலைகள் இரு வெளிப்பக்கமும், நீரை ஒதுக்கும் கொழுப்பு வால்கள் நடுவிலும் இருக்கின்றன. ஆக்சிஜன் போன்ற சிறிய மூலக்கூறுகள் இந்தக் கொழுப்பைத் தாராளமாகக் கடந்துவிடும். மின்னூட்டம் கொண்ட சோடியத்துக்கு அங்கே வழியே இல்லை, குளுக்கோஸுக்கும் இல்லை. அவை கடக்க, சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழிவிட வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை அப்படி ஒரு புரதத்தில்தான் இருக்கிறது. சிறுகுடல் செல்லின் உட்குழாய்ப் பக்கச் சவ்வில் உள்ள எஸ்.ஜி.எல்.டி.1, இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே கடத்தும். இரண்டு சாவியும் பொருந்தினால்தான் திறக்கும் வங்கி லாக்கரைப் போன்றது அது. செல்லின் மறுபக்கச் சவ்வில் சோடியம் பம்ப் ஓயாமல் உழைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாக இருக்கிறது. குடலிலிருந்து மேலும் சோடியம் வந்துகொண்டே இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் போன திசையில் தண்ணீரும் சவ்வூடு பரவல் மூலம் போய் ரத்தத்தில் சேர்கிறது.

காலராவில்கூட இந்தப் பாதை அடைபடுவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. காலரா நச்சு, குடல் செல்லின் குளோரைடு வாய்களைத் திறந்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டவைக்கிறது; உப்பை உறிஞ்சும் வேறொரு வழியையும் முடக்குகிறது. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் வழியை மட்டும் அதனால் தொட முடிவதில்லை. இந்தக் கூட்டுக் கடத்தலை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றிக் காட்டினார் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ்.

இனி அளவுக்கு வருவோம். இப்போதைய உலகச் சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75. மற்ற உப்புகளையும் சேர்த்துக் கரைசலின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். இது ரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. நீங்கள் சர்க்கரையைக் கூட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். செறிவு அதிகமான கரைசல் ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். குளிர்பானமும் இனிப்பான பழச்சாறும் இந்நேரத்தில் கூடாது என்பது இதனால்தான். தண்ணீரைக் குறைத்தால் உடலில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கூட்டினால் உப்பு போதாமல் போகும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு சுத்தமான நீரில் முழு பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

குடிக்க மறுத்தால் தம்ளரைக் கையில் திணிக்காமல் ஸ்பூனால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்பைவிட மெதுவாகத் தொடருங்கள். இந்த வயதில் ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி தேவைப்படும். வழக்கமான உணவை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்து தரப்பட்டிருந்தால் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இந்தக் கரைசல் வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தாது. இழந்த நீரை ஈடுகட்டுவதே அதன் வேலை. போக்கு நிற்கவில்லையே என்று பாதியில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. கண்கள் குழிவிழுந்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, எதைக் கொடுத்தாலும் வாந்தியெடுத்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.