பேன்ட் சைஸை நம்பாதீர்கள்

செங்கோட்டை நண்பரே, எடை சரிதான், பேன்ட் 34, ஆனாலும் தொப்பை. உள்கொழுப்பு பார்க்க புனலூர் போய் சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். தொப்புள் மட்டத்தில் எடுக்கும் ஒரே படத்தில் தோலடிக் கொழுப்பும் குடலைச் சுற்றிய உள்கொழுப்பும் தனித்தனியாகத் தெரியும், சரி. கதிர்வீச்சும் உண்டே.

முதலில் தையல்காரர் டேப்பை எடுங்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்பது. என் பேன்ட்டும் 34தான், டேப் 38 காட்டியது! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை இயல்பாக விட்டதும் அளவெடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. 90 செ.மீ. தொட்டாலோ, உயரத்தில் பாதியைத் தாண்டினாலோ டாக்டரைப் பார்த்து சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றையும் பாருங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அப்புறம் அவரே சொல்லட்டும்.